ஜெராக்ஸ் எடுக்கப் போன வழியில் காணாமல் போகும் பத்திரங்கள்

தினசரிப் பேப்பரில் வரி விளம்பரம் வரும் பக்கத்தை நீங்கள் படிப்பதுண்டா? நான் விடாமல் படிப்பேன். வீடு வாடகை, மணமகள் தேவை, மூலம் பௌத்திரம் இதுக்கெல்லாம் நடுவில் சின்னதாய்க் கட்டம் கட்டி ஒரு அறிவிப்பு வரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே நம்பர், இன்ன வருஷத்து ஆவண எண் கொண்ட அசல் கிரையப் பத்திரம் ஜெராக்ஸ் எடுக்கச் சென்றபோது தவறிவிட்டது, கண்டெடுத்தவர்கள் ஒப்படைக்கவும், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும். கீழே ஒரு வக்கீல் பெயர்.

ஜெராக்ஸ் கடைக்குப் போகிற வழியில் இத்தனை பத்திரம் நிஜமாகவே விழுந்திருந்தால், தமிழ்நாட்டில் எந்த ஊர் கடைத்தெருவிலும் கால் வைக்க முடியாது. முழங்கால் அளவு பத்திரம் கிடக்கும். எல்லாருக்கும் தெரியும், இது பொய் என்று. எழுதிக் கொடுக்கிற வக்கீலுக்குத் தெரியும். விளம்பரம் வாங்குகிற பேப்பர்காரருக்குத் தெரியும். விசாரித்துச் சான்று தருகிற போலீஸுக்குத் தெரியும். அதை வாங்கிக் கோப்பில் வைக்கிற பதிவு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் தெரியும்.

பத்திரம் தொலைவதற்கு நிஜமான காரணங்கள் வேறு. கரையான் அரிக்கும். கூரை ஒழுகி நனையும். பாகப் பிரிவினையில் மூத்தவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். வாங்கி வைத்த வங்கியே தொலைக்கும். இந்தக் காரணங்களில் எதைச் சொன்னாலும் வேலை நடக்காது, ஜெராக்ஸ் கதையைச் சொன்னால்தான் நடக்கும் என்றால், கோளாறு பத்திரம் தொலைத்தவனிடம் இல்லை. நடைமுறையில் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நீங்கள் ஒரு நிலம் வாங்கினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7 ரூபாய், பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 ரூபாய், ஆக 9 ரூபாய் அரசாங்கத்துக்குக் கட்டுகிறீர்கள். பத்து லட்சம் ரூபாய் வயலுக்கு 90 ஆயிரம். இந்தப் பணத்துக்கு அரசாங்கம் என்ன செய்கிறது? 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, நீங்கள் கொண்டுபோன பத்திரத்தை முழுசாகத் தன்னுடைய புத்தகத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. அசையாச் சொத்துக்கான அந்தப் பதிவேட்டுக்குப் பெயரே 1-ஆம் புத்தகம். அந்தக் காலத்தில் கையால் எழுதினார்கள், இப்போது ஸ்கேன் செய்கிறார்கள். நகல் எடுத்த பிறகு உங்கள் காகிதத்தை உங்களிடமே திருப்பித் தருகிறார்கள். நாம் மஞ்சள் தடவி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் சேலைக்கு அடியில் வைக்கிறோமே, அது இந்தத் திரும்பி வந்த காகிதம்தான்.

அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்கிறது. சார்பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருகிற அந்த நகல், அசல் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை நிரூபிக்க ஏற்றுக்கொள்ளப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அசல் தொலைந்தோ அழிந்தோ போனால் இரண்டாம் நிலைச் சான்று கொடுக்கலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 60-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது.

அதாவது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் போட்டவனுக்கே தெரிந்திருக்கிறது, காகிதம் தொலையும் என்று. மழையும் கரையானும் நெருப்பும் உள்ள நாடு இது. அதனால்தான் ஒரு பிரதியை அரசாங்கத்தின் கையில் வைத்தான். இவ்வளவு தெளிவாக இருக்கிற விஷயத்தை நாம் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்று பாருங்கள்.

2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒரு விதி புதிதாய்ச் சேர்த்தார்கள். நிலத்தை விற்கவோ எழுதி வைக்கவோ வருகிறவர், தனக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பதற்கான முந்தைய அசல் பத்திரத்தைக் காட்ட வேண்டும். அசல் தொலைந்துவிட்டதா? கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸிடம் சான்று வாங்கி வா, கூடவே உள்ளூர்ப் பேப்பரில் விளம்பரமும் கொடு. ஊரில் இதை ‘நான் ட்ரேசபிள்’ என்பார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், “என்னப்பா, பத்திரம் காணோம்னு போனா, நான் காணோம்னு சர்டிபிகேட் தர்றானுவோ?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தச் சான்றுக்காக அலைகிறவன் கடைசியில் காணாமல்தான் போகிறான்.

எங்கள் தெரு அத்தை ஒருத்தரின் கதையைச் சொல்கிறேன். பேராவூரணிப் பக்கம். மாமா இறந்து ரொம்ப நாளாச்சு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிவியில் பார்த்திருப்பீர்கள், விழுந்து கிடந்த தென்னை மரங்களை. அத்தை வீட்டின் ஓடு முழுக்கப் பறந்து, சுவர் ஒரு பக்கம் சாய்ந்து, தகரப்பெட்டி தண்ணீரில் கிடந்தது. உள்ளே இருந்த பத்திரம் கூழாகிவிட்டது. மை கரைந்து, காகிதம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பிரித்தால் உதிர்ந்தது.

தென்னை வைத்தவர்களுக்குத் தெரியும், புதுக் கன்று வைத்தால் காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். அந்த அஞ்சாறு வருஷம் சாப்பிடக் கடன். கடனை அடைக்க ஒரு மா நிலத்தை, அதாவது 33 சென்டை, விற்கலாம் என்று அத்தை முடிவு செய்தார். அப்போதுதான் 55-ஏ வந்திருந்த நேரம். வாங்குகிறவர் முன்பணம் கொடுத்து மூன்று மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டார். நான்தான் அத்தையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன்.

“எங்கம்மா தொலைச்சீங்க?”

“தொலைக்கலைங்கய்யா. புயல்ல நனைஞ்சு வீணாப் போச்சுங்க.”

“அப்ப காணாமப் போகலையே. அழிஞ்சு போச்சு. அழிஞ்சு போனதை நாங்க எப்படித் தேடிப் பாத்தோம், கிடைக்கலன்னு எழுதுறது?”

சட்டப் புத்தகத்தில் பார்த்தால் அந்த அதிகாரி கேட்டது நியாயம்தான்! கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று தர வேண்டுமென்றால், முதலில் அது எங்கேயோ இருக்க வேண்டும் அல்லவா. இல்லாத ஒன்றைத் தேட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏட்டு ரொம்ப நல்ல மனுஷர். மெதுவாய்ச் சொன்னார். “ஆயா, ஜெராக்ஸ் எடுக்க பஸ்ல போறப்ப பையோட தவறிடுச்சுன்னு எழுதிக் குடுங்க. சீக்கிரம் முடிஞ்சிரும்.”

அத்தை வாழ்நாளில் பொய்ப் புகார் கொடுத்தவர் இல்லை. கஜாவில் வீடு போனதை ஊரே பார்த்தது, வி.ஏ.ஓ. வந்து கணக்கெடுத்தார், அரசாங்கமே நிவாரணம் கொடுத்தது. அந்த உண்மைக்குச் செல்லுபடி இல்லை. பஸ்ஸில் போகாத பை தொலைந்ததாகச் சொல்கிற பொய்க்குத்தான் முத்திரை கிடைக்கும். அத்தை கைநாட்டு இல்லை, கையெழுத்துப் போடத் தெரிந்தவர். பேனாவை வாங்கி அந்தப் பொய்க்குக் கீழே தன் பெயரை எழுதினார். வெளியே வந்து என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அதுக்கு அப்புறம் நோட்டரி பிரமாணப் பத்திரம், பேப்பர் விளம்பரம், வக்கீல் கடிதம். விளம்பரத்தில் சர்வே நம்பரோடு அட்ரஸும் போட்டதால் இரண்டு நிலத் தரகர்கள் வீடு தேடி வந்தார்கள். “பத்திரம் இல்லாத நிலம், யாரும் வாங்க மாட்டாங்க, பாதி விலைக்கு முடிச்சுத் தர்றோம்” என்றார்கள். ஸ்டேஷன் சான்று வருவதற்குள் அக்ரிமெண்ட் கெடு முடிந்துவிட்டது. வாங்குகிறவர் அதே காரணத்தைச் சொல்லி விலையில் அஞ்சில் ஒரு பங்கைக் குறைத்தார். வட்டி ஓடிக்கொண்டிருந்ததால் அத்தை ஒப்புக்கொண்டார்.

இதில் வயிறு எரிகிற விஷயம் என்ன தெரியுமா? பத்திர ஆபீஸில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டோம். சில நாளில் கையில் கொடுத்துவிட்டார்கள். மாமா வாங்கிய அதே பத்திரம். அதே நாலெல்லை, அதே சாட்சி, அதே எழுத்தர் பெயர். அந்த நகலை வைத்துத்தான் கடைசியில் புதுக் கிரையப் பத்திரத்தையே எழுதினார்கள். பத்திரம் பதிவான அலுவலகமும் அதுதான், அசலைக் கொண்டுவா என்று கேட்ட அலுவலகமும் அதுதான். முன் அறையில் இருக்கிறவர் கேட்கிற கேள்விக்குப் பின் அறை அலமாரியில் பதில் இருக்கிறது. நடுவில் இருக்கிற பத்தடி தூரத்தைக் கடக்க ஒரு விதவைக்கு நாலு மாதமும் அஞ்சில் ஒரு பங்கு விலையும் ஆனது.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த 55-ஏ விதியைப் பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி ரத்து செய்தது. பதிவு அதிகாரியின் வேலை, எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது அல்ல. நடைமுறை சரியாக இருந்து, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் கட்டியிருந்தால் பதிய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நம் நாட்டில் நடப்பது பத்திரப் பதிவு, உரிமைப் பதிவு அல்ல. உரிமை யாருக்கு என்று முடிவு செய்வது சிவில் கோர்ட்டு வேலை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், விதியாகத்தானே ரத்தானது, சட்டமாகவே கொண்டுவருகிறோம் என்று அரசாங்கம் இறங்கியது. முந்தைய அசல் ஆவணத்தைக் கேட்கும் சட்டத்திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆக, கோர்ட்டு கதவை மூடினாலும் ஜன்னல் வழியாக அந்தக் காகிதம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஏதாவது ஒரு படியில் மாட்டிக்கொண்டவனிடம் எல்லாரும் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது. “கோர்ட்டுல ஆர்டர் வாங்கிட்டு வாங்க.” நகரத்தில் இருக்கிற நீங்கள் இதைக் கேட்டு, சரி, கோர்ட்டுக்குப் போனால் புதுப் பத்திரம் தருவார்கள் போல என்று நினைத்திருக்கலாம். தொலைந்த கிரையப் பத்திரத்துக்குப் பதிலாக இன்னொரு அசல் தயாரித்துக் கொடுக்கிற கோர்ட்டு எதுவும் இங்கே கிடையாது. விற்றவரோ அவர் வாரிசோ மனது வைத்தால்தான் இன்னொரு தடவை எழுதிக் கொடுக்க முடியும். கோர்ட்டில் கேட்க முடிந்தது, இந்த நிலம் எனக்குத்தான் உரிமை என்று அறிவிக்கச் சொல்லி 1963-ஆம் வருஷத்துக் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் விளம்புகை வழக்கு. யாரும் என் உரிமையை மறுக்காதபோது நான் யார் மேல் வழக்குப் போடுவது? அண்ணன் தம்பி, பங்காளி, பக்கத்து வயல்காரர் என்று சும்மா இருக்கிறவர்களை எதிர்வாதியாகச் சேர்த்தால், அதுவரை இல்லாத சண்டை அன்றைக்கு ஆரம்பிக்கும்.

பத்திர ஆபீஸ் பதிய மறுத்தால் ஹைகோர்ட்டில் ரிட் போடலாம். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிக்காரன் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். கொஞ்ச தூரத்தில் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிற முத்துப்பேட்டைக்காரன் சென்னைக்குப் போக வேண்டும். ஒரு மா நிலத்துக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவது? வக்கீல் பீஸ் கொடுத்து முடிக்கும்போது அந்த ஒரு மாவில் எத்தனை குழி மிஞ்சும்? உரிமையைக் காப்பாற்ற நிலத்தை விற்க வேண்டிய நிலைமை என்றால் அந்த நீதி யாருக்கு?

இனி வங்கிக்கு வருவோம். இது என் சொந்த அனுபவம். போர் போடுவதற்கும் மோட்டாருக்கும் ஒரு வங்கியில் கடன் வாங்கினேன். ஈடில்லாமல் தருகிற விவசாயக் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் அது 2 லட்சம். அதற்கு முன்னால் 1 லட்சத்து 60 ஆயிரம். அதைத் தாண்டினால் பத்திரத்தைக் கேட்பார்கள். நானும் கொடுத்தேன். கடைசித் தவணை கட்டி முடித்து, பத்திரத்தைக் கேட்டால் இன்று நாளை என்று இழுத்தார்கள். ஆறாவது நடையில் விஷயம் வந்தது. கிளையை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது சில கோப்புகள் ‘இடம் மாறிவிட்டதாம்’. மேனேஜர் தம்பி ரொம்பப் பணிவாகச் சொன்னார். “சார், நீங்க ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுத்துட்டா, நாங்க நகலுக்கு ஏற்பாடு பண்ணிடலாம்.”

“தொலைச்சது யாரு தம்பி?”

“பேங்க்தான் சார். ஆனா சொத்து உங்க பேர்ல இருக்கறதால கம்ப்ளைன்ட் நீங்கதான் குடுக்கணும்.”

என் கையெழுத்து, என் அலைச்சல், என் பேப்பர் விளம்பரம். அதிலும் வங்கி தொலைத்தது என்று எழுத வேண்டாமாம். எப்படி எழுதணும்? ஜெராக்ஸ் எடுக்கப் போன வழியில் என்று எழுதணும்! நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் கையில் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறது, உங்கள் கையில்தான் தொலைந்தது, அதை உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். எட்டு மாதம் ஆனது அந்த ஒரு கடிதம் வாங்க.

உங்களில் பலபேர் வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள். உங்களுக்கு ஒரு நல்ல சேதி தெரிந்திருக்கும். 2023 செப்டம்பர் 13-ல் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணம் தொலைந்தால், சான்றிட்ட நகல் வாங்க வங்கியே உதவி செய்து செலவையும் ஏற்க வேண்டும். அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம், அதற்கு மேல் போனால் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் அமல். அருமையான உத்தரவு, கைதட்டுகிறேன். ஆனால் அதன் தலைப்பிலேயே ‘தனிநபர் கடன்கள்’ என்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி கணக்கில் தனிநபர் கடன் என்றால் நுகர்வோர் கடன், கல்விக் கடன், வீடு போன்ற அசையாச் சொத்துக்கான கடன், பங்குகளில் முதலீடு செய்ய வாங்கும் கடன். விவசாயக் கடன் அந்தப் பட்டியலில் இல்லை.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஷேர் வாங்கக் கடன் எடுத்தவருடைய பத்திரத்தை வங்கி தொலைத்தால் நாளுக்கு 5,000. கடலை போடவும் போர் போடவும் கடன் எடுத்தவனுடைய பத்திரத்தைத் தொலைத்தால், போய்ப் புகார் கொடுத்துவிட்டு வா. பெட்டியில் இருந்தது இரண்டுமே அதே முத்திரைத்தாள்தான். என் விஷயத்தில் ஒரு நாளுக்கு 5,000 என்று ஒரு விதி இருந்திருந்தால், அந்தக் கடிதம் எட்டு மாதத்தில் அல்ல, எட்டு நாளில் வந்திருக்கும் என்று நான் நிச்சயமாகச் சொல்வேன்.

இப்போது எதிர்க்கேள்விக்கு வருகிறேன். ஏனென்றால் கேள்வி கேட்கிறவர்கள் முட்டாள்கள் அல்ல.

அசலைக் கேட்காவிட்டால் போலிப் பத்திரக்காரன் புகுந்துவிடுவானே? இதுதான் விதி போட்டவர்கள் சொன்ன காரணம். போலிப் பதிவில் நிலத்தை இழந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப்பேர் உண்டு, அந்த வலி நிஜம். ஆனால் போலிப் பத்திரக்காரன் எதைப் போலி செய்கிறான்? காகிதத்தைத்தான். பழைய முத்திரைத்தாள், பழைய மை, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆள்மாறாட்டம் செய்கிறவன் கையில் ‘அசல்’ மாதிரியே ஒன்று எப்போதும் இருக்கும். அவனால் சுலபமாகத் தொட முடியாதது அரசாங்கத்தின் 1-ஆம் புத்தகத்தை. அப்படியானால் எதை நம்ப வேண்டும்? வருகிறவன் கையில் இருக்கிற காகிதத்தையா, தன் அலமாரியில் இருக்கிற புத்தகத்தையா? பொய் சொல்லத் துணிந்தவன் ஸ்டேஷனில் ஒரு ஜெராக்ஸ் கதை சொல்ல வெட்கப்படப் போவதில்லை. வெட்கப்படுகிறவர் எங்கள் அத்தை மாதிரி ஆட்கள்தான். நல்லவனை மட்டும் தடுக்கிற வேலி அது.

இரண்டாவது கேள்வி. அசலை வட்டிக்காரரிடம் அடகு வைத்துவிட்டு, தொலைந்தது என்று சொல்லி நகல் வாங்கி நிலத்தை விற்றுவிட்டால்? இதுவும் நடக்கிறது. ஆனால் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவைப் பாருங்கள். பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைப்பது சென்னை, மும்பை, கொல்கத்தா, அப்புறம் அரசாங்கம் அறிவித்த ஊர்களில் மட்டும்தான் செல்லும். குக்கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரத்தை வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறவருக்குச் சட்டப்படி அடமான உரிமை கிடையாது. வங்கிகள் வாங்கும்போது அந்த ஒப்படைப்பைப் பதிவு செய்கிறார்கள், வில்லங்கச் சான்றில் வந்துவிடுகிறது. ஆக, முறையாகக் கடன் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு வில்லங்கத்தில் இருக்கிறது. முறையில்லாமல் கொடுத்தவருக்காக ஊரையே ஸ்டேஷன் வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் போட்ட அரசாங்கம், கந்துவட்டிக்காரர் மடியில் இருக்கிற பத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பது வேடிக்கை.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்? நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. நாலே விஷயம்.

ஒன்று, பத்திரம் தொலைந்தாலோ அழிந்தாலோ மனுவைப் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே வாங்க வேண்டும். போலீஸுக்கு இதில் வேலை இல்லை, திருட்டு என்று புகார் இருந்தால் தவிர.

இரண்டு, ‘அசல் இழப்பு அறிவிக்கப்பட்டது’ என்று வில்லங்கத்தில் ஒரு பதிவு ஏற்ற வேண்டும். நிலம் வாங்குகிறவனும் கடன் கொடுக்கிறவனும் முதலில் பார்ப்பது வில்லங்கத்தைத்தான், பேப்பரின் ஏழாம் பக்கத்தை அல்ல. 30 நாள் ஆட்சேபணைக்கு விடுங்கள். யாராவது வந்தால் அது உண்மையான தகராறு, அப்போது கோர்ட்டுக்குப் போகட்டும். யாரும் வராவிட்டால், இனி எல்லா வேலைக்கும் இந்தச் சான்றிட்ட நகலே போதும் என்று எழுதிக் கொடுங்கள்.

மூன்று, காரணத்தை உள்ளபடி எழுத விடுங்கள். புயல் என்றால் புயல், கரையான் என்றால் கரையான், வங்கி என்றால் வங்கி. இயற்கைப் பேரிடரில் அழிந்தது என்றால் வி.ஏ.ஓ. சான்றே போதுமானதாக இருக்க வேண்டும், கட்டணமும் வாங்கக் கூடாது.

நாலு, வங்கி தொலைத்தால் வங்கியே மனுப் போட வேண்டும், செலவும் இழப்பீடும் வங்கி தலையில். வீட்டுக்கடனுக்கு இருக்கிற அதே விதி விவசாயக் கடனுக்கும்.

இதற்குப் புதுத் துறை வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். 2018 முதல் பதிவே ஆன்லைனில்தான் நடக்கிறது. வில்லங்கத்தை டிஎன்ரெஜிநெட் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கிறோம். அதில் ஒரு வரி சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை?

இது ஏதோ கிராமத்தான் பிரச்சினை என்று நினைத்து மேலே நகர்ந்துவிடாதீர்கள். ஊரில் உங்கள் அப்பா பெயரில் ஒரு மாவோ அரை ஏக்கரோ இருக்கும். பத்திரம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு அவர் இல்லாதபோது, லீவு போட்டுவிட்டு வந்து, யாரையும் தெரியாத ஒரு ஸ்டேஷனில் நீங்கள்தான் நிற்கப் போகிறீர்கள். எங்களுக்காவது ஏட்டு முகம் தெரியும், உங்களுக்கு அதுவும் தெரியாது.

அதனால் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அப்பாவிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்திரத்தின் ஆவண எண், வருஷம், சார்பதிவாளர் அலுவலகம், சர்வே நம்பர் இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, 1980-களில் நடந்த யூ.டி.ஆர். அளவையில் சர்வே நம்பர் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்திரம் கையில் இருக்கும்போதே சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி வேறு வீட்டில் வையுங்கள். வங்கியில் பத்திரம் கொடுத்தால் ஒவ்வொரு ஆவணத்தையும் எண்ணோடு எழுதி ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

அது உங்களுக்காக. எங்களுக்காக ஒன்று செய்யுங்கள். உங்களில் வங்கியில் இருக்கிறவர்கள் உண்டு, வக்கீல்கள் உண்டு, பத்திரிகையில் எழுதுகிறவர்கள் உண்டு, பதிவுத் துறையிலேயே இருக்கிறவர்கள்கூட இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவை ஒரு சம்சாரி உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து, புயலில் போச்சுங்க என்று உண்மையைச் சொன்னால், ஜெராக்ஸ் கதையை அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். உண்மையை உண்மையாகவே எழுதி வாங்கி, அதற்கு முத்திரை போடச் சொல்லி உங்கள் மேலதிகாரியிடம் நீங்கள் ஒரு தடவை மல்லுக்கட்டிப் பாருங்கள். அந்த மனுஷர் தன் நிலத்துக்காகத் தன் பெயரில் பொய் எழுத வேண்டியிருக்காது.